தொட்டியில் போடக் கூடாதவை எங்கே போவது?

ஒளி நின்றுபோன டியூப்லைட், காலாவதியான மாத்திரை அட்டை, அடியில் கெட்டித்துப்போன பெயின்ட் டப்பா, உடைந்த பாதரச வெப்பமானி, சுவர்க் கடிகாரத்தில் தீர்ந்துபோன பேட்டரி, சர்க்கரை நோயாளி போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசி. இவற்றில் இரண்டு மூன்றாவது கிடக்காத வீடு இன்று அரிது. அன்றாடக் குப்பையோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வெளிப்படையாகவே சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பை ஆகியவற்றுக்கு அடுத்து, வீட்டு அபாயக் கழிவு என்ற மூன்றாவது வகையை அவை வரையறுத்தன. அந்த விதிகளுக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. சானிட்டரி கழிவு தனி. மேற்சொன்ன பொருள்கள் தனிக் கவனம் வேண்டும் கழிவு என்ற இன்னொரு தனி வகை. பட்டியல் தெளிவாகிக்கொண்டே வருகிறது. தொட்டியில் போடக் கூடாது என்றால் எங்கே போடுவது, யார் செலவில், யார் கைவழியாக என்ற கேள்விக்கான விடை அந்த அளவுக்குத் தெளிவாகவில்லை.

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பலர் பல விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். வீட்டில் உருவாகும் அளவு அற்பம், விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். பொறுப்பு வீட்டுக்காரருடையது, நகராட்சியுடையது, பொருளைச் செய்து விற்றவருடையது என்று வேறு வேறு தரப்புகள் வாதிட்டன. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்றும், ஆபத்தான பொருளைச் செய்வதையே நிறுத்திவிட்டால் கேள்வியே எழாது என்றும் சொன்னவர்கள் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் அது பொருந்தும் பொருள் ஒன்று உண்டு. சிக்கல், ஒரு பொருளுக்குப் பொருந்திய விடையை எல்லாப் பொருளுக்கும் நீட்டும்போதுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. நம் சட்டங்கள் பொருளின் ஆபத்தை வைத்து வகை பிரிக்கின்றன. அது தேவைதான். ஆனால் கைவிடப்பட்ட பொருளுக்கு மிச்ச விலை இருக்கிறதா இல்லையா என்பதும் அதே அளவு முக்கியம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு பொருள் எந்த வழியில் போகும் என்பதைப் பெரும்பாலும் அந்த விலைதான் தீர்மானிக்கிறது.

அளவு அற்பம் என்ற வாதம்

முதலில் தோன்றிய விடை விலக்கு. அமெரிக்காவில் 1976-இல் வந்த வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டம் அபாயக் கழிவைப் பிறந்த இடத்திலிருந்து புதைக்கும் இடம் வரை பின்தொடர்வதற்காக எழுதப்பட்டது. அதன்கீழ் 1980-இல் வந்த ஒழுங்குவிதிகள் வீட்டுக் கழிவை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கின. தொழிற்சாலை வாசலைத் தாண்டினால் படிவமும் உரிமமும் கேட்கும் அதே கரைப்பான், வீட்டு வாசலைத் தாண்டினால் வெறும் குப்பை. கோடிக்கணக்கான வீடுகளுக்கு உரிமம் வழங்க எந்த அரசாலும் முடியாது என்ற நிர்வாகக் காரணம் இதற்கு இருந்தது. பெருங்குப்பையோடு கலந்தால் நஞ்சு நீர்த்துவிடும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இந்தியாவும் இதே பாதையில்தான் வந்தது. 1989-இன் அபாயக் கழிவு விதிகள் தொழிற்சாலைகளை நோக்கி எழுதப்பட்டவை. நகரக் குப்பைக்கென்று தனி விதிகள் வர, அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு தேவைப்பட்டது; 2000-ஆம் ஆண்டு விதிகள் அதன் விளைவு. வீட்டு அபாயக் கழிவுக்கு வரையறை கிடைக்க மேலும் 16 ஆண்டுகள் ஆயின.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு சிஎஃப்எல் விளக்கில் இருக்கும் பாதரசம் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிகிராம்தான். நன்றாக வடிவமைத்த புதைகுழியில், அடியில் விரிப்பும் கசிவுநீர் வடிகாலும் உள்ள இடத்தில், அது டன் கணக்கான குப்பைக்குள் கிடந்தால் ஆபத்து குறைவு என்று சொல்ல இடமுண்டு. ஆனால் நீர்த்துப்போதல் என்பது நஞ்சு பரவலாகிக் கிடக்கும் இடத்துக்கே பொருந்தும். நம் ஊர்களில் வீட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் இடையே மனிதக் கை இருக்கிறது. பையைப் பிரித்துத் தரம்பார்க்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் ஊசி குத்தும்போது அங்கே எதுவும் நீர்த்துப்போயிருப்பதில்லை. கலந்த குப்பையிலிருந்து எடுக்கும் உரத்தில் கன உலோகங்கள் தங்கிவிடுகின்றன. அந்த உரம் வயலுக்குப் போகிறது. குப்பைமேடு எரியவும் செய்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடியிலும் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்திலும் நாள்கணக்கில் எரிந்த தீ, உள்ளே கிடந்த எல்லாவற்றையும் காற்றில் கலந்தது. வெளிநாட்டுப் புதைகுழியை மனத்தில் வைத்து எழுந்த வாதத்தை இங்கே அப்படியே பயன்படுத்துவது நேர்மையாகாது.

வீட்டுக்காரரின் கடமை, அபராதத்தின் எல்லை

இரண்டாவது விடை சட்டத்தின் மொழியிலேயே இருக்கிறது. குப்பையை உருவாக்குபவர் பிரித்துத் தர வேண்டும், தவறினால் அபராதம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் விதித்தது இந்த வழிதான். மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இதற்குப் பின்னால் நிற்கிறது. அதன் நியாயத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

நடைமுறையில் இது எங்கே தடுக்கி விழுகிறது என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் இரண்டு உதவும். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் குப்பைப் பைக்குத் தலா இவ்வளவு என்று கட்டணம் வந்தபோது நடந்ததை டான் ஃபுல்லர்டன், தாமஸ் கின்னமன் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். பைகளின் எண்ணிக்கை குறைந்தது; எடை அந்த அளவுக்குக் குறையவில்லை; குறைந்த எடையிலும் ஒரு பங்கு கள்ளத்தனமாக வேறெங்கோ கொட்டப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். ஜப்பானில் 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டுச் சாதன மறுசுழற்சிச் சட்டம் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி ஆகியவற்றைக் கழிக்கும் நாளில் வீட்டுக்காரரே கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. மறுசுழற்சி ஆலைகள் அங்கே சிறப்பாக வளர்ந்தன. கூடவே, கட்டணத்துக்கு அஞ்சி ஒதுக்குப்புறங்களில் சாதனங்களைக் கைவிட்டுப் போவது நீண்ட விவாதமாயிற்று. இரண்டிலும் தெரிவது ஒன்றுதான்: பொருளைக் கழிக்கும் நேரத்தில் பணம் கேட்டால், சட்டப்படி நடப்பவருக்குத்தான் செலவு. அதிலும் வீட்டு அபாயக் கழிவின் தன்மையே ஒளித்துவைக்கத் தோதானது. ஈரக் கழிவு நாற்றத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கறுப்புப் பைக்குள் சுருட்டிய பேட்டரியையோ மாத்திரையையோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாத தவறுக்கு அபராதம் மட்டும் எவ்வளவு உயர்த்தினாலும் பயன் குறைவு.

அபராதமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெரிய குடியிருப்புகள், விடுதிகள், கடைகள் போன்ற மொத்தக் கழிவாளர்களிடம் அது வேலை செய்யும். கணக்கு கேட்கலாம், சோதனை போடலாம். தனி வீட்டைப் பொறுத்தவரை, சட்டப்படி கொண்டுபோய்ச் சேர்க்க அருகில் ஓர் இடம் இருக்கிறது என்று உறுதியான பிறகு வரும் அபராதத்துக்கே தார்மிக வலு உண்டு.

நகராட்சியின் வாசல்

அந்த இடத்தை நகராட்சி தர வேண்டும் என்பது மூன்றாவது விடை. 2016 விதிகள் இதற்கு ஓர் அளவுகோலே வைத்தன: 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டு அபாயக் கழிவுச் சேகரிப்பு மையம். 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னை மாநகராட்சிக்கு இந்தக் கணக்குப்படி குறைந்தது 22 மையங்கள் வேண்டும். 20 சதுர கிலோமீட்டரைச் சதுரமாக வரைந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். மையம் சரியாக நடுவில் இருந்தாலும், ஓரத்தில் குடியிருப்பவர் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். நான்கடி டியூப்லைட்டை மாநகரப் பேருந்தில் எடுத்துப்போய் அந்த மையத்தின் வேலை நேரத்துக்குள் ஒப்படைப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மையங்கள் முழு எண்ணிக்கையில் திறந்தாலும், வாகனமும் ஓய்வு நேரமும் உள்ளவர்களுக்கே அவை எளிதில் எட்டும்.

வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்வது இதைவிட நல்ல வழி. இந்தூர் குப்பையை ஆறு வகையாக வாசலிலேயே பிரித்து வாங்குவதால் பெயர் பெற்றது. புனேயில் கழிவு சேகரிப்போரின் கூட்டுறவான ஸ்வச், சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துத் தரச் சொல்லிப் பரப்புரை நடத்தியது. பொட்டைக் கண்டால் பணியாளர் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார். விதிமுறைகள் பக்கம் பக்கமாகச் சொல்ல முயல்வதை அந்தச் சிறு குறி செய்துவிடுகிறது: கடைசியாகத் தொடும் கைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்கிறது. இந்த விவாதம் முழுவதிலும் இதைவிட மலிவான, மனிதத்தன்மையான தீர்வை எடுத்துக்காட்டுவது கடினம்.

நகராட்சி வழியின் உண்மையான பலவீனம் வாங்கியதற்குப் பிறகு வருகிறது. வாசலில் வாங்கிச் சேர்த்த அபாயக் கழிவு அதன்பின் எங்கே போகும்? கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அபாயக் கழிவுப் பொது வசதிகள் தொழிற்சாலைகளின் சீரான, பெருமளவிலான, ஒரே வகைக் கழிவுக்காக அமைந்தவை. ஒரு பேரூராட்சி மாதம் முழுக்கச் சேர்த்தாலும் கிடைப்பது சில மூட்டைகள். அதிலும் பத்து வகைப் பொருள் கலந்திருக்கும். அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏற்றிச்செல்லும் செலவு பேரூராட்சியின் வரவு செலவில் எங்கும் இருப்பதில்லை. கிராமங்களின் நிலை இன்னும் மோசம். 2016 விதிகள் நகர்ப்புறங்களையும் நகரத்தன்மை கொண்ட ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டு அபாயக் கழிவில் மிகக் கொடியதான காலிப் பூச்சிமருந்து டப்பாவோ பெரும்பாலும் கிராமத்து வீட்டில்தான் கிடக்கிறது. தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளில் அந்த டப்பாவுக்குச் சட்டப்படியான முகவரி எது என்பது இன்றும் தெளிவான விடையில்லாத கேள்வி.

செய்தவர் திரும்பப் பெறட்டும்

நான்காவது விடை ஸ்வீடனில் பிறந்தது. தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதிய அறிக்கையில், பொருளின் ஆயுள் முடிந்த பிறகும் உற்பத்தியாளரின் பொறுப்பு தொடர வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். கழிக்கும் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், எளிதில் பிரிக்கக்கூடிய, நஞ்சு குறைந்த பொருளையே வடிவமைப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஜெர்மனி 1991-இல் பொதியுறைகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் மின்னணுப் பொருள்களுக்கும் இதைச் சட்டமாக்கின. இந்தியாவில் 2011-இல் எழுதி 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் இதே கொள்கையை ஏற்றன. 2016-இலும் 2022-இலும் அவை மாற்றி எழுதப்பட்டன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பென்சில் பேட்டரி முதல் மின்வாகனப் பேட்டரி வரை எல்லாவற்றையும் இதன்கீழ் கொண்டுவந்தன.

இந்தக் கொள்கையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. செலவை வடிவமைப்பாளரின் மேசைக்கே கொண்டுபோகும் வழி இது ஒன்றுதான். ஆனால் இங்கே அது எடுத்திருக்கும் வடிவம் வீட்டுக்காரரை ஏறக்குறைய மறந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் தாம் பிரித்தெடுத்த உலோகத்துக்கு ஏற்பச் சான்றிதழ் உருவாக்குவார். உற்பத்தியாளர் தம் இலக்கை நிறைவு செய்ய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அதை வாங்குவார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இலக்கு 60 விழுக்காடு, பிறகு 70, பிறகு 80. பட்டியலில் 106 வகைப் பொருள்கள். கணக்கு இலக்கோடு பொருந்தினால் கடமை முடிந்தது. அந்தக் கணக்கில் அம்பாசமுத்திரத்தில் ஒருவர் வைத்திருக்கும் பழைய மிக்சி எந்தக் கடையில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது ஒரு கேள்வியாகவே வருவதில்லை. சான்றிதழ் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் மீட்பை மையமாகக் கொண்டிருப்பது இன்னொரு கோணல். டியூப்லைட்டும் பட்டியலில்தான் இருக்கிறது. அதன் மதிப்போ முனையிலுள்ள சிறு அலுமினியத் தொப்பியில், ஆபத்தோ உள்ளிருக்கும் சில மில்லிகிராம் பாதரசத்தில். உலோகத்தை எடைபோடும் முறை அந்தப் பாதரசத்தைப் பிடிப்பவருக்குப் பெரிதாக எதுவும் தருவதில்லை.

மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024-இல் அரசு கீழ்வரம்பு விதித்தபோது, பெரிய உற்பத்தியாளர்கள் சிலர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். செலவு பல மடங்கு கூடுகிறது, அது விலையாக நுகர்வோர் மேல் விழும் என்பது அவர்கள் வாதம். கீழ்வரம்பு இல்லாவிட்டால் வெறும் தாள் சான்றிதழ்களின் மலிவுச் சந்தையாக இது முடியும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டை முழுவதும் மிச்ச விலை உள்ள பொருள்களைப் பற்றியது. மாத்திரை, ஊசி, பெயின்ட், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

விலை இருந்தால் வழியும் உண்டு

சந்தையைப் பற்றிய விடையை நம் மண்ணில் யாரும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த தெருவியாபாரி முதல் இன்றைய காயலான் கடை வரை, மிச்ச விலையுள்ள எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது இந்த வலைப்பின்னல்தான். மின்வெட்டுக் காலத்தில் தமிழக வீடுகளில் பெருகிய இன்வர்ட்டர் பேட்டரிகளைப் பாருங்கள். ஒன்றுகூட நடைபாதையில் கிடந்ததில்லை. 2001-இன் பேட்டரி விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் கடமையை விற்பனையாளருக்குத் தந்தன. அதற்கு உயிர் கொடுத்தது ஈயத்தின் விலை. புதியது வாங்கும்போது பழையதற்குத் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் சட்டத்தைக் கேள்விப்படாதவரும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆனால் திரும்பி வருவது வேறு, சரியான இடத்துக்குத் திரும்பி வருவது வேறு. ஈய பேட்டரியை வீட்டுப் பின்கட்டில் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குபவர் உரிமம் பெற்ற ஆலையைவிடக் கூடுதல் விலை தர முடியும்; மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு அவருக்கு இல்லை. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது 80 கோடி வரையிலான குழந்தைகளின், இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாகக் கணித்தது. இந்தியாவின் பங்கு சுமார் 27.5 கோடி. ஈயத்துக்கு வேறு மூலங்களும் உண்டு. ஆயினும் முறையற்ற பேட்டரி உருக்கலை அந்த அறிக்கை முதன்மைக் காரணங்களுள் வைத்தது. தமிழ்நாட்டில் இதன் பாதரச வடிவத்தைக் கொடைக்கானல் கண்டது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் கலந்த உடைகண்ணாடி, 7.4 டன் அளவில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் கிழிந்த சாக்குகளில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிப்பட்டது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. அது தொழிற்சாலைக் கழிவு. எனினும் கண்ணாடிக்கு விலை இருந்ததால்தான் பாதரசம் சந்தைக்குள் நடந்து போனது என்ற பாடம் வீட்டுக் கழிவுக்கும் பொருந்தும்.

இந்த வலைப்பின்னலைச் சட்டவிரோதம் என்று ஒடுக்குவது ஒரு தரப்பு. அதை ஏற்க முடியாது. ஒடுக்கினால் உருக்கும் அடுப்பு இன்னும் உள்ளே, இன்னும் குழந்தைகளுக்கு அருகே போகும், பிழைப்பும் போகும். சேகரிப்பை அவர்களிடமே விட்டு, உடைப்பதையும் உருக்குவதையும் மட்டும் உரிமம் பெற்ற இடத்துக்கு மாற்றுவது என்ற நடுவழி பல காலமாகப் பேசப்படுகிறது. அதற்கு உரிமம் பெற்ற ஆலை அதிக விலை தர வேண்டும். அந்த வேறுபாட்டை உற்பத்தியாளரின் பணம் நிரப்ப வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டுவரும் கருவியாக மேலே கண்ட கீழ்வரம்பு விலையை நான் ஆதரிப்பது இதனால்தான்.

மிச்ச விலை இல்லாத பொருளுக்கு விலையை உண்டாக்கலாமா? வைப்புத்தொகை முறை அதைத்தான் செய்கிறது. பீட்டர் போம் என்ற பொருளியலாளர் 1981-இல் இதற்கென ஒரு நூலே எழுதினார்: வாங்கும்போது கூடுதலாக ஒரு தொகை, திருப்பித் தரும்போது அதே தொகை கைக்கு. ஜப்பானிய முறையில் கடைசியில் கேட்கும் பணத்தை இது முதலிலேயே வாங்கிவிடுகிறது. எறிந்தால் நட்டம் எறிபவருக்கு. பொறுக்கி எடுப்பவருக்கு வருமானம். சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்த பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பின. பிறகு பிற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பாட்டில் அபாயக் கழிவு இல்லைதான். ஆனால் அறிவுரையும் அபராதமும் தோற்ற இடத்தில் 10 ரூபாய் வேலை செய்ததற்கு இதைவிட அருகில் வேறு சான்று கிடையாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை கவனத்துக்குரியவை. இடமும் ஆளும் இல்லாமல் பாட்டில்களை வாங்கி அடுக்கும் சுமை தங்கள்மேல் விழுகிறது என்று டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள். அரசின் ஒற்றை விற்பனை நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், டியூப்லைட் விற்கும் தெருமுனை மின்சாமான் கடைக்காரர் உடைந்த பாதரச விளக்குகளை எங்கே வைப்பார்? நியாயமான கேள்வி. திரும்பப் பெறும் ஒவ்வொரு பொருளுக்கும் கடைக்காரருக்குக் கையாளும் கூலியும், உடையாத பெட்டியும், குறித்த நாளில் வந்து எடுத்துச்செல்லும் வண்டியும் இல்லாமல் இந்த முறையைத் திணிக்கக் கூடாது. ஏழை வாங்குபவர் கூடுதல் தொகையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்ற மறுப்பும் உண்டு. திரும்பக் கிடைப்பதாலும், அவ்வாறு திரும்பும் தொகையில் கழிவு சேகரிப்போருக்கும் பங்கு சேர்வதாலும் அது அவ்வளவு வலுவானதாக எனக்குப் படவில்லை. பேட்டரிக்கும் விளக்குக்கும் இம்முறை பொருந்தும். திருப்பித் தருவதற்காகவே மிச்சம் வைக்கத் தூண்டக் கூடிய மருந்துக்கு இது பொருந்தாது.

மருந்து என்ற தனிச் சிக்கல்

காலாவதி மருந்தில் இரு தரப்புகள் நேருக்கு நேர் மோதுகின்றன. ஸ்வீடன் 1971 முதலே மருந்துக்கடைகள் வழியாகத் திரும்பப் பெறுகிறது. பிரான்ஸில் 1993-இல் தொடங்கிய சிக்லமெட் அதே வழியில் போகிறது. கேரளம் 2025-இல் கோழிக்கோட்டில் என்பிரவுட் என்ற பெயரில் வீடுகளிலிருந்து மருந்து சேகரிக்கத் தொடங்கியது. மறுபக்கம், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சேகரித்து ஏற்றிச்சென்று எரிப்பதால் உண்டாகும் மாசையும் கணக்கில் சேர்த்தால், வீட்டுக் குப்பையிலேயே போடுவது ஒட்டுமொத்தத்தில் குறைந்த கெடுதல் என்று முடிவு செய்தது. நீர்நிலைகளில் காணும் மருந்தின் பெரும்பகுதி மனித உடல் வழியாகக் கழிவது, எறிந்த மாத்திரை வழியாக வருவது குறைவு என்பதும் இத்தரப்பின் வலுவான வாதம். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் தந்த வழிகாட்டுதல், தவறான கைக்குப் போனால் உயிரைப் பறிக்கக்கூடிய 17 மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டிவிடச் சொல்கிறது.

மிச்சிகன் முடிவை இங்கே பெயர்த்து நடுவதற்கு முன் அதன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். மூடிய வண்டி, விரிப்புள்ள புதைகுழி, கிளறாத குப்பை என்ற நிலையில் பெறப்பட்ட விடை அது. திறந்த குப்பைமேட்டில் மாத்திரை அட்டை மழையில் கரையும், மாடு மேயும், அட்டையோடு எடுத்து மறுபடி விற்கும் வாய்ப்பும் உண்டு. கழிப்பறையில் கொட்டுவதும் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பும் உள்ள ஊருக்கு ஒருவிதம், செப்டிக் டேங்கும் பக்கத்திலேயே கிணறும் உள்ள ஊருக்கு வேறுவிதம். மருந்துக்கடை நம் ஊர்களில் ஏறத்தாழ எல்லாத் தெருமுனையிலும் உண்டு. குளிர்பதனப் பெட்டியோடு வரும் விநியோக வண்டி காலியாகத் திரும்பிப் போகிறது. அந்த வண்டியில் ஒரு மூடிய பெட்டி ஏற்றிவிட்டால் மிச்சிகன் கணக்கின் போக்குவரத்துச் சுமையில் பெரும்பகுதி இல்லாமல் போகலாம் என்பது என் கணிப்பு. கேரள முயற்சியின் செலவுக் கணக்கு முழுதாக வெளிவந்தால் இதைச் சோதிக்கலாம்.

பொருளையே மாற்றுதல்

எஞ்சிய விடை, நஞ்சை மூலத்திலேயே நிறுத்துவது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் உறுதி செய்தது. சிஎஃப்எல் உற்பத்தியை 2025-க்குள்ளும் குழல்விளக்கு உற்பத்தியை 2027-க்குள்ளும் நிறுத்த உறுப்பு நாடுகள் அடுத்தடுத்து முடிவு செய்தன. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகள் இந்தியாவில் விநியோகமாயின. வீட்டுப் பாதரசம் குறைந்ததற்கு எந்தச் சேகரிப்புத் திட்டத்தையும்விட இதற்கே அதிகப் பங்கு இருக்கக்கூடும். ஆனால் உற்பத்தி நின்ற நாளில் வீடுகளில் இருப்பவை மறைந்துவிடாது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அவைதான் தொட்டிக்கு வரும், அப்போது திரும்பப் பெறப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளரே சந்தையில் இல்லாமலும் போகலாம். மாற்றாக வரும் பொருளும் முற்றிலும் ஆபத்தற்றதல்ல: பாதரச வெப்பமானிக்குப் பதில் வந்த டிஜிட்டல் கருவிக்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது.

எஞ்சி நிற்பவை

இதுவரை பார்த்ததில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. மிச்ச விலையுள்ள ஆபத்தான பொருள் தானாகவே திரும்பும். அங்கே அரசு கவனிக்க வேண்டியது அது சேரும் இடத்தை. மிச்ச விலை இல்லாத பொருள் தானாகத் திரும்பாது. அங்கே வைப்புத்தொகையோ, வாசலில் வந்து வாங்கும் ஏற்பாடோ, விற்ற கடையே திரும்பப் பெறுவதோ இல்லாமல் தடை மட்டும் விதித்தால், ஆபத்து தூய்மைப் பணியாளரின் கைக்கு மாறுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. உறுதியில்லாதவை அதைவிட அதிகம். வீட்டு அபாயக் கழிவு எவ்வளவு சேர்கிறது, அதில் எவ்வளவு முறையான இடத்துக்குப் போகிறது என்பதற்கு வார்டு அளவில் நம்பத்தக்க தணிக்கை வேண்டும். உலக அளவில் 2022-இல் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்று உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. பேட்டரிக்கும் மருந்துக்கும் நம்மிடம் அந்த அளவுக்கான கணக்கும் வேண்டும். பெயர் தெரியாத நிறுவனம் விற்ற பொருளுக்கும், மூடிப்போன நிறுவனத்தின் பொருளுக்கும் யார் பணம் தருவது என்பதற்கு எந்த நாட்டிலும் முழுமையான விடை இல்லை. ஊராட்சிகளுக்கு ஏற்றிச்செல்லும் செலவை மாநிலம் ஏற்பதா, பூச்சிமருந்து நிறுவனங்களிடம் வாங்குவதா என்ற கேள்வி விவாதத்துக்கே இன்னும் முறையாக வரவில்லை.

புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் பொருத்தும் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. தகடுகளின் கழிவை உற்பத்தியாளர்கள் 2034-35 வரை இருப்பு வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று மின்கழிவு விதிகள் சொல்கின்றன. ஆலங்கட்டி மழையிலோ புயலிலோ அதற்கு முன்பே உடையும் தகட்டை மாடியிலிருந்து இறக்கும் வீட்டுக்காரர் எந்த வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், இறக்குக்கூலி யாருடையது என்பதைப் பொருத்தும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது.